ஊசி போடாதவனின் அப்பா

அந்த வீட்டில் எஜமான் என்றால் அது சமையல் மேடையில் உட்கார்ந்திருந்த தராசுதான். உள்ளங்கை அகலம்கூட இருக்காது, ஆனால் அது சொன்னால் சொன்னதுதான். கோழி நெஞ்சுக்கறி அதன்மேல் ஏறி இறங்கித்தான் சட்டிக்குப் போகும். சோறு ஏறும், ஓட்ஸ் ஏறும், வேகவைத்த பீன்ஸ் ஏறும். ஒருநாள் நாலு பருக்கை கூடிப்போச்சு என்று மகன் விரலால் எடுத்துத் திரும்பப் பானையில் போட்டபோது, "அந்த நாலு பருக்கையில என்னடா கோட்டை கட்டப் போறே" என்று கேட்டார் அப்பா. "இடிக்கத்தான்பா போறேன்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான் மகன். நாற்பதைத் தொடப்போகிற ஆள், பேச்சைப் பாருங்கள்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னும் டிரைவர் என்றுதான் பேர். மனைவி போன பிறகு அடுப்படி அவர் கைக்கு வந்தது. ஸ்டியரிங் பிடித்த கைக்குக் கரண்டி என்ன பெரிய விஷயம் என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் கையைச் சுட்டுக்கொண்டார். மகன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஏதாவது கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பான், சாயங்காலம் ஜிம்முக்குப் போய்விடுவான். கல்யாணம் காட்சி ஒன்றும் நடக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தை ஒதுக்கிவிட்டுப் பையிலிருந்து தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

ஜிம்மில் அவனுக்குப் பச்சைத்தண்ணி என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஊசி, மாத்திரை என்று உள்ளே இறக்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தும் தோளும் ஒன்றாகிப் போவார்கள். இவன் மட்டும் இருபது வருஷமாகக் கோழியும் பச்சைத்தண்ணியுமாகவே காலம் தள்ளினான். ஜிம் நடத்துகிற மாஸ்டர், "ஒரே ஒரு தடவை போட்டுப் பாருடா, உன் எலும்புக்கட்டுக்கு நீ எங்கயோ போயிருப்பே" என்று ஆசை காட்டாத மாதமில்லை. இவன் சிரித்துவிட்டுப் பாரம் தூக்கப் போய்விடுவான்.

ஊசி போடாதவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு போட்டி நடத்துவார்கள். மேடையை விட்டு இறங்கினதும் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் மருந்து இருந்தால் ஆள் அம்பேல். அந்தப் போட்டியில் இரண்டு தடவை இரண்டாவதாக வந்திருந்தான். நாற்பது முடிந்தால் மூத்தவர்கள் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். முதல் இடம் என்றால் இந்த வருஷம், இல்லையென்றால் இல்லவே இல்லை. இதை அவன் வாய்விட்டுச் சொன்னது ஒரே தடவைதான், அதுவும் கோழி வெந்துகொண்டிருக்கும்போது அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

உடம்பைத் தயார் செய்வது என்றால் தேற்றுவது என்றுதான் டிரைவர் நினைத்திருந்தார். பழைய போட்டிகளின்போது அவர் பஸ்ஸோடு வெளியூரில் கிடந்தார், வீட்டில் எல்லாம் மனைவி பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவைதான் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். தேற்றுவதாவது? கரைப்பது. தோலுக்கடியில் கொழுப்பு என்று பேருக்குக்கூட இருக்கக் கூடாதாம், நரம்பு நரம்பாகத் தெரியணுமாம். வாரத்துக்கு வாரம் சோறு குறைந்தது. கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது, சட்டை தொங்கியது. "பையனுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று பக்கத்து வீட்டம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கு ஏன் பயம் என்றால், இதே வீட்டில் இதே கண்ணால் ஒருத்தி கரைவதை அவர் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மனைவிக்கு வந்தது வயிற்றில் கட்டி. கடைசி நாட்களில் அவளைக் குளிப்பாட்டும்போது தோள் எலும்பு அவர் கையில் இடிக்கும். இப்போது மகன் கைகளை விரித்துக் கண்ணாடி முன்னால் நின்று பழகும்போது அதே எலும்பு, அதே இடத்தில் தெரிந்தது. "பாருப்பா, எப்படி வந்திருக்கு" என்று அவன் சந்தோஷமாகக் காட்டுவான். அவர் பார்க்காமலே நல்லாயிருக்கு என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் ஷூவைக் கழற்ற வாசலில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. என்னடா என்றதற்கு, "ஒண்ணுமில்லப்பா. லிஃப்ட் கூரை மேல நிக்கும்போது கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றான், ஏதோ மழையில் நனைந்துவிட்டேன் என்கிற மாதிரி. "சுவர் இருந்தாத்தாண்டா சித்திரம்" என்று கத்தினார் டிரைவர். அவன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான்.

மறுநாளே அவர் பஸ் நிலையத்துப் பின்பக்கம் இருக்கிற மூலிகைக் கடைக்குப் போனார். பெற்ற மனம் பித்து என்பார்கள், அந்தப் பித்துதான் அவரை அங்கே தள்ளிக்கொண்டு போனது. கடைக்காரன் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, பேர் ஒட்டாத ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தான். ஒரு கரண்டி போதும், பையன் பத்தே நாளில் ஊறிவிடுவான் என்றான். டிரைவர் ஒன்றும் விவரமில்லாதவர் அல்ல. "இதுல ஊசி மருந்து எதுவும் இல்லையே? என் பையன் ஊசி போடமாட்டான்" என்று கேட்டார். "ஐயா, இது பொடி. பொடியில எங்க ஊசி இருக்கும்? எல்லாம் வேரும் இலையும்தான்" என்றான் அவன். அது அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

எதில் கலப்பது? சாப்பாடு முழுக்கத் தராசின் ராஜ்யம். கறியில் ஒரு துளி மசாலா கூடினாலும் அவன் நாக்கு கண்டுபிடித்துவிடும். தராசுக்குத் தப்பினது ஒன்றே ஒன்று, காலையில் அவன் குடிக்கிற கடுங்காப்பி. பால் இல்லை, சர்க்கரை இல்லை, கசப்பு மட்டும்தான். கசப்போடு கசப்பாகப் பொடி கரைந்துபோனது. முதல் நாள் அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் டிரைவர் பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி தேய்த்துக்கொண்டே நின்றார். "இன்னிக்குக் காப்பி திக்கா இருக்குப்பா" என்றான். "புதுத் தூள்" என்றார் அவர்.

பொடி வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஒரு வாரத்தில் பையன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் ஒட்டின கன்னம் நிரம்பி, முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. டிரைவர் பெருமை பிடிபடாமல் கடைக்காரனைத் தேடிப்போய் நன்றி சொன்னார். மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று, "உன் பிள்ளையைத் தேத்திட்டேன்" என்றும் சொன்னார்.

மகனுக்கோ அங்கே உயிர் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி முன்னால் வயிற்றுத் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தான். நேற்று வரை காகிதமாக இருந்த தோல் தடித்துவிட்டது. தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறவன் அவனுக்குக் கூட்டாளி. பாரம் தூக்கும்போது பின்னால் நின்று பிடிப்பது, மேடையில் நிற்கிற நிலைகளைத் திருத்துவது, தன் புரதப் பொடியில் பாதியைக் கொடுப்பது எல்லாம் அவன்தான். அவன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "தோலுக்கடியில தண்ணி நிக்குதுடா. எங்கேயோ உப்பு உள்ள போகுது."

இருவரும் அடுப்படிக்கு வந்தார்கள். "அப்பா, கோபப்படாத. கறியில உப்பு போடறியா?" என்று கேட்டான் மகன். "சத்தியமா ஒரு கல்லு போடலைடா" என்றார் டிரைவர். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. உப்பையும் பொடியையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. வீங்குவதைத்தானே அவர் தேறுவது என்று நினைத்தார்.

உப்பு இல்லையென்றால் வேறு என்ன? தான்தான் எங்கோ ஏமாற்றுகிறோம் என்று மகன் முடிவு கட்டினான். இருந்த சோற்றிலும் பாதியை வெட்டினான். வேலைக்குப் போகும் முன்னால் ஓடினான், வந்தும் ஓடினான். அவன் சோற்றை வெட்ட வெட்ட, டிரைவர் பொடியைக் கூட்டினார். மேடு வந்தால் கியரை மாற்றித்தானே ஆகணும்? ஒரு கரண்டி இரண்டானது. ஒருத்தன் வடம் பிடித்து இந்தப் பக்கம் இழுக்க இன்னொருத்தர் அந்தப் பக்கம் இழுத்தார். நடுவில் அறுந்துகொண்டிருந்தது ஒரே உடம்பு.

போட்டிக்கு முந்தின நாள் அவன் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். சத்தமில்லாமல், ஒரு கையால் மறு கைத் தோலைத் தடவிக்கொண்டு. "எல்லாம் ஒழுங்காத்தானேப்பா பண்ணினேன். எங்க தப்பு பண்ணினேன்னு தெரியலையே" என்றான். டிரைவர் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். கையில் எலும்பு இடிக்கவில்லை. இவ்வளவு அழுகையிலும் அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

போட்டிக்கு அவரும் போனார், வாழ்க்கையில் முதல் தடவையாக. பெரிய கூடம், கண் கூசுகிற விளக்கு. உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கூப்பிட்ட கூப்பிட்ட நிலையில் நிற்க வேண்டும். தோளைக் காட்டு, முதுகைக் காட்டு, தொடையை இறுக்கு. பக்கத்தில் நின்றவனின் தொடையில் தசை கயிறு கயிறாகப் பிரிந்தது. இவனுடைய தொடை வழவழவென்று இருந்தது. முகம் மட்டும் பௌர்ணமி மாதிரி. டிரைவர் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. இறுதிச் சுற்றுக்கு எடுத்த ஐந்து பேரில் ஐந்தாவது இடம் என்று அவன் பேரைச் சொன்னார்கள். அவன் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தான். நடுவர்களில் ஒருவர் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார்.

மேடைக்குப் பின்னால் டிரைவர் போனபோது, ஒரு ஊழியர் மூடி போட்ட குப்பியோடு காத்திருந்தார். மகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "இந்த ஒரு பரீட்சைக்கு மட்டும் நான் எப்பவும் பயப்பட்டதில்லப்பா. இதுல நான்தான் முதல்" என்றான்.

"இதுல என்னத்தைடா பாப்பாங்க? ஊசிதானே?"

"ஊசி, மாத்திரை, பொடி எல்லாம். சாப்பாட்டுல கலந்திருந்தாக்கூடக் காட்டிக் கொடுத்துடும்" என்றான். வேரும் இலையும்தான், வேரும் இலையும்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்தார். இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாரா? இல்லை. வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

சங்கத்திலிருந்து போன் வந்தபோது மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இருக்காதுங்க. வேற யாரோடதாவது மாறியிருக்கும்" என்றான். அப்புறம், "ஸ்டீராய்டா? என்ன மருந்துன்னு சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டான். தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் போனவன் நேராகச் சலூனுக்குத்தான் போனான். டிரைவர் பின்னாலேயே ஓடினார். நாற்காலியில் ஒருவர் பாதி முகச் சவரத்தோடு உட்கார்ந்திருக்க, மகன் கூட்டாளியின் சட்டையைப் பிடித்திருந்தான். "உன் புரதப் பொடி டப்பாவுல என்னடா கலந்தே? சொல்லு. நான் ஜெயிக்கக் கூடாதுன்னு எத்தனை நாளா நினைச்சிருந்தே?" சலூன்காரன் கத்தியை மேடையில் வைத்தான். "நானும் அதே டப்பாவைத்தாண்டா குடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். டிரைவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சலூன் வாசலிலேயே நின்று, "அவனை விடுடா. நான்தான்" என்றார். "காப்பியில போட்டேன். நீ செத்துடுவேன்னு பயந்துட்டேன்."

மகன் சட்டையிலிருந்து கையை எடுத்தான். கத்துவான், அடிப்பான் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. அவன் யோசித்து யோசித்து ஒன்றைத்தான் கேட்டான். "என்கிட்ட ஏன்பா கேக்கல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"ஆமா. சொல்லியிருப்பேன்" என்றான் அவன்.

சங்கத்து அலுவலகத்துக்கு இருவருமாகப் போனார்கள். டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். செயலாளர் மரியாதையான மனுஷர்தான், நாற்காலி போட்டார், முழுக்கக் கேட்டார். "பெரியவரே, தப்பா நினைச்சுக்காதீங்க. போன வருஷம் ஒருத்தர் மாமியாரைக் கூட்டிட்டு வந்தார். அதுக்கு முந்தி ஒருத்தர் பெண்டாட்டியை. எல்லாரும் இப்படித்தான் அழுதாங்க" என்றார். டப்பா எங்கே என்று கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றார் டிரைவர். கடைக்காரர் சாட்சி சொல்வாரா என்று கேட்டார். முந்தின நாள் டிரைவர் கடைக்குப் போய்க் கேட்டபோதே அவன், நான் உங்களைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டிருந்தான். "நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும். வாய்க்குள்ள போனதுக்கு வாய் வெச்சிருக்கிறவர்தான் பொறுப்பு. விதி அப்படி. நாலு வருஷம் தடை" என்று செயலாளர் முடித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் டிரைவர் ஓட்டின பஸ்ஸில் ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டது கிடையாது. அவர் சொல்லைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னார்கள், அதுவும் பெற்ற பிள்ளைக்கு முன்னால். பிள்ளை சொல்லிக்கொடுத்து அப்பன் ஒப்பிக்கிறான் என்று நினைத்த அந்த அறையில், தலை குனிந்து நின்றது பிள்ளைதான்.

சங்கம் பேரைப் போட்டு எல்லோருக்கும் அறிவித்தது. ஜிம்மில் பச்சைத்தண்ணி இப்போது கலங்கல்தண்ணி ஆனான். "இருபது வருஷமா நம்மளையே ஏமாத்தியிருக்கான் பாரு, பலே ஆளு" என்று ஊசி போடுகிறவர்கள் தோளில் தட்டிப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை அவனால் தாங்க முடியவில்லை. சலூன்காரனிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். அவன் நாற்காலியைக் காட்டினான், முடி வெட்டினான், கழுத்தைத் துடைத்துவிட்டான், ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் மகன் அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை. என்னப்பா, சரிப்பா, வரேன்ப்பா. ஆனால் காலைக் காப்பியை அவனே போட்டுக்கொண்டான். டிரைவர் அந்த நேரத்துக்கு அடுப்படிப் பக்கம் போகாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பார். அவன் இப்போது நன்றாகச் சாப்பிட்டான், கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவர் ஆசைப்பட்டது அதற்குத்தானே? பரிமாறும்போது கரண்டியைத் தட்டுக்குக் கிட்டே கொண்டுபோய், அவன் தலையாட்டின பிறகுதான் சோற்றைப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் அடுப்படி ஜன்னல் வழியாகத் தரைக்கு வந்திருந்தது. மகன் மாஸ்டர் கொடுத்த ஒரு சின்னப் பொட்டலத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் பிரித்தான். மருந்துக் குப்பியும் ஊசியும் இருந்தன.

"இன்னொரு போட்டி இருக்குப்பா. அங்க யாரும் எதையும் சோதிக்க மாட்டாங்க" என்றான்.

டிரைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "டேய், இருபது வருஷம்டா."

"எந்த இருபது வருஷம்? அது நடக்கவே இல்லைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிமே சாண் என்ன, முழம் என்ன." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பிடித்துத் தொங்க ஏதாவது கிடைத்திருக்கும். "இது பின்பக்கம் போடணும். எனக்குக் கை எட்டல. கூட்டாளிதான் பேச மாட்டேங்கறான். நீதான் இருக்கே."

வேண்டாம்டா என்று சொல்ல டிரைவர் வாயைத் திறந்தார். அவனுக்கு எது நல்லது என்று சொல்கிற உரிமையை அவரே காப்பியில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாகிவிட்டது. எந்த வாயால் சொல்வார்? மூடிக்கொண்டார். மகன் மருந்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான். எங்கே குத்த வேண்டும் என்று விரலால் காட்டினான்.

"தப்பா போட்டுடுவேன்டா" என்றார் டிரைவர்.

"பரவாயில்லப்பா. இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சுதானே போடறே."

அவர் ஊசியை வாங்கிக்கொண்டார். கண்ணீரில் இடம் சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துவிட்டு, அவன் காட்டின இடத்தில் குத்தி, மெதுவாக அழுத்தினார்.